சதுரம் சதுரமாய் ஒரு போர்வை

ஒரு போர்வை பின்ன ஆறு ஆண்டுகள் ஆகுமா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஆயிற்று. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய கம்பளிப் போர்வை, 2024ஆம் ஆண்டு டிசம்பரில்தான் முடிந்தது. அதற்குள் அதைத் தொடங்கிவைத்தவர் இவ்வுலகை விட்டுப் போய்விட்டார். யாருக்காகத் தொடங்கினோமோ அந்தப் பெண் வளர்ந்து, படிப்புக்காக வெளியூர் சென்றுவிட்டாள். இடையில் எட்டு மாத காலம் நூல்பெட்டி பரண்மேல் கிடந்தது. அந்த எட்டு மாதங்களைப் பற்றிச் சொல்லத்தான் உண்மையில் பேனாவை எடுத்தேன். ஆனால் அதற்கு முன் போர்வையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் திண்டுக்கல் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள். பி.ஏ. வரலாறு படித்து முடித்த கையோடு, 2002ஆம் ஆண்டில் குன்னூருக்கு மருமகளாக வந்தேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விடாத மழை. மார்கழி, தை மாதங்களில் எலும்புக்குள் இறங்கும் குளிர். பஜ்ருத் தொழுகைக்கு ஒளூச் செய்யக் குழாயைத் திறந்தால் விரல்கள் விறைத்துப் போகும். வந்த முதல் குளிர்காலத்தில், இரண்டு போர்வைகளைப் போர்த்திக்கொண்டும் பற்கள் தந்தியடிக்க உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து மாமி சிரித்தார்கள். மறுநாள் தாமே பின்னிய சால்வை ஒன்றை என் தோளில் போட்டார்கள். குரோஷா பின்னலை நான் முதன்முதலாகக் கையால் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

மாமி சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் அந்தக் கலையைக் கற்றுக்கொண்டார்களாம். வீட்டு ஆண்களுக்கு வெள்ளை நூலில் தொழுகைத் தொப்பி பின்னுவார்கள். பேரப்பிள்ளைகள் பிறந்தபோது காலுறையும் குல்லாயும் பின்னினார்கள். ஓர் ஊசி, ஒரு நூற்கண்டு. வேறு எதுவும் வேண்டியதில்லை. முனையில் சிறு கொக்கி உடைய அந்த ஒற்றை ஊசி ஒரு வளையத்திலிருந்து இன்னொரு வளையத்தை இழுத்துக்கொண்டே போகும். இரண்டு ஊசிகளால் பின்னும் ஸ்வெட்டருக்கு எத்தனையோ யந்திரங்கள் வந்துவிட்டன. குரோஷாவை அச்சு அசலாகப் பின்னித் தள்ளும் யந்திரம் ஆலைகளில் இன்னும் வரவில்லை. இன்றும் கடையில் காணும் குரோஷாத் துண்டு எதுவாயினும், அது யாரோ ஒருவருடைய கைகள் பின்னியதுதான்.

2018இல் மாமி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சில அடிகள் நடப்பார்கள். மற்ற நேரமெல்லாம் கட்டில்தான். அதுவரை அடுப்படியை ஆண்டவர்கள் அவர்கள். "கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதைவிட அந்த எலும்பு வலியே தேவலை" என்றார்கள் ஒரு நாள். அன்று மாலையே என் கணவர் கடைத்தெருவிலிருந்து பல வண்ணங்களில் உல்லன் நூல் வாங்கி வந்தார். "பேத்தி கல்யாணத்துக்குள்ள ஒரு போர்வை பின்னிடுறேன், நீயும் கூட உட்காரு" என்று மாமி என்னை அழைத்தார்கள்.

எங்கே உட்காருவது? நான் நிஸ்வான் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவள். காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை ஆலிமா வகுப்பு. மாலையில் பள்ளி விட்டு வரும் சிறுமிகளுக்கு ஒன்றரை மணி நேரம் குர்ஆன் பாடம். வீட்டில் ஒரு மகள், இரண்டு மகன்கள், கடைக்குச் சென்று வரும் கணவர், கட்டிலில் மாமி. எனக்குக் கிடைக்கும் நேரமெல்லாம் துணிக்கடையில் மிஞ்சும் துண்டுத் துணிகளைப் போன்றது. சோறு வேகும் பத்து நிமிடம், பேருந்துக்குக் காத்திருக்கும் கால் மணி, இஷாத் தொழுகைக்குப் பின் கண் அசரும் வரை ஓர் அரைமணி. இந்தத் துண்டுகளைக் கொண்டு பெரிய போர்வை ஒன்றை எப்படிப் பின்னுவது?

அதற்கு வழி சதுரம். முழுப் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு பின்ன வேண்டாம். உள்ளங்கையளவுச் சதுரங்களாகப் பின்னிச் சேர்த்து, பிறகு ஒன்றோடொன்று தைத்துக்கொள்ளலாம். ஒரு சதுரத்தை என் கைப்பையில் வைத்து எங்கும் கொண்டு போகலாம். மேலைநாடுகளில் இதைக் 'கிரானி ஸ்கொயர்', அதாவது பாட்டிச் சதுரம் என்கிறார்கள். 1885ஆம் ஆண்டிலேயே அமெரிக்க விவசாயப் பத்திரிகை ஒன்றில் இத்தகைய சதுரத்தின் செய்முறை வெளிவந்திருக்கிறது. மிஞ்சிய நூல்களை வீணாக்காமல் பயன்படுத்தக் குடியானவர் வீட்டுப் பெண்கள் கையாண்ட வழி அது. அங்கே இவ்வாறு பின்னிய கம்பளிப் போர்வைக்கு 'ஆப்கன்' என்றே பெயர். ஆப்கானிய மக்களின் வண்ணமயமான நெசவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாட்டவரின் கண்ணைக் கவர்ந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. எங்கோ ஒரு முஸ்லிம் நாட்டின் பெயர் அமெரிக்கப் பாட்டிமார்களின் மடியில் போய் உட்கார்ந்திருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

செய்முறை எளிது. நான்கு அல்லது ஐந்து சங்கிலித் தையல் போட்டு, அதை வட்டமாக இணைத்துக்கொள்ள வேண்டும். ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி எடுத்துப் போடும் நெடிய தையலுக்கு மாமி 'தூண்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்று தூண் சேர்ந்தால் ஒரு கொத்து. முதல் சுற்றில் நான்கு கொத்து. கொத்துக்கும் கொத்துக்கும் இடையே இரண்டு சங்கிலி. அந்த இடைவெளிகளே நான்கு மூலைகள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு மூலைக்குள்ளும் இரண்டிரண்டு கொத்து, ஆக எட்டு. மூன்றாம் சுற்றில் பன்னிரண்டு. இவ்வாறு சுற்றுக்கு நான்கு கொத்துக் கூடிக்கொண்டே போகும். ஐந்து சுற்று முடிந்தால் 60 கொத்து, 180 தூண். சதுரம் ஏறக்குறைய ஐந்து அங்குலம் வரும்.

தொப்பியும் இதே வளையத்தில்தான் தொடங்குகிறது. கூட்ட வேண்டிய தையலைச் சுற்றிலும் சமமாகப் பங்கிட்டால் வட்டம். நான்கு இடங்களில் மட்டும் கூட்டினால் சதுரம். "எங்கே கூட்டுறோம்கிறதுலதான் எல்லாம் இருக்கு" என்பார்கள் மாமி.

எங்கள் கணக்கு இது: அகலத்தில் 12, நீளத்தில் 16, ஆக 192 சதுரங்கள். ஐந்தடி அகலமும் ஆறேமுக்கால் அடிக்குச் சற்றுக் குறைந்த நீளமும் கொண்ட போர்வை. ஒரு சதுரத்துக்கு எனக்கு 25 நிமிடம் பிடித்தது. அப்படியானால் மொத்தம் 80 மணி நேரம். வாரத்துக்கு இரண்டு சதுரம் பின்னினாலும் இரண்டு ஆண்டில் முடித்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினேன்.

இனி அந்த எட்டு மாதக் கதைக்கு வருகிறேன்.

2021ஆம் ஆண்டில் மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அறிவியல் பாடப்பிரிவை எடுக்கச் சொன்னது நாங்கள்தான். அவளுக்கு விருப்பமா என்று கேட்டோம், "சரி" என்றாள். அந்தச் "சரி"யை நாங்கள் மேற்கொண்டு கிளறிப் பார்க்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் ஓராண்டுக்கு மேல் கைப்பேசியில் பாடம் கேட்டுவிட்டு வந்த பிள்ளை. கணக்கும் இயற்பியலும் அவளுக்கு எட்டவே இல்லை.

இதை அவள் என்னிடம் சொல்ல முயன்றிருக்கிறாள். ஒரு முறை அல்ல; மூன்று இரவுகள். நான் இஷாவுக்குப் பின் சதுரமும் கையுமாக உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து அருகில் வந்து அமர்வாள். "அம்மா, இந்தக் கணக்கு வாத்தியார் நடத்துறது..." என்று தொடங்குவாள். நான் "ம்" என்பேன். அப்போது நான் புதிய மாதிரி ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தேன். நடுவில் பூ விரியும் சதுரம். தையலை எண்ணாவிட்டால் இதழ் கோணிவிடும். ஏழு, எட்டு, ஒன்பது... "ம்." பத்து, பதினொன்று... "ம், சொல்லு." அவள் பாதியில் எழுந்து போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

சில வாரங்கள் கழித்துத் தேர்வு மதிப்பெண் தாள் கிடைத்தது. அவள் தரவில்லை, அவளுடைய அலமாரியில் துணிகளுக்கு அடியில் மடித்து ஒளித்து வைத்திருந்ததை நானே கண்டெடுத்தேன். இரண்டு பாடங்களில் தேறவில்லை. கையெழுத்து போடும் இடத்தில் அவளே என் கையெழுத்தைப் போட்டுப் பார்த்து, அழித்திருந்தாள்.

நான் கோபத்தோடு கூப்பிட்டேன். "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவள் அழவில்லை; குரலை உயர்த்தவும் இல்லை. "சொன்னேன்மா. நான் பேசும்போது நீங்க எண்ணிக்கிட்டிருந்தீங்க" என்றாள்.

சகோதரிகளே, மதரஸாவில் நான் எத்தனையோ பெற்றோர்களை அழைத்து, "பிள்ளை பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள்" என்று புத்தி சொன்னவள். நேரம் ஓர் அமானிதம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடம் நடத்தியவள். அந்தச் சொல் என்னை எங்கே தைத்தது என்பதை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றிரவே ஊசிகள், நூற்கண்டுகள், பின்னி முடித்த சதுரங்கள் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். பெரிய தியாகம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

ஆனால் என்ன நடந்தது? மாலை நேரங்களில் கைகளைக் கட்டிக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்து, "இப்போது சொல், கேட்கிறேன்" என்பேன். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். விசாரணைக் கூண்டில் நிற்பவளிடம் கேள்வி கேட்பதுபோல் இருந்திருக்கும் அவளுக்கு. கணக்குக்கு ஓர் ஆசிரியையை ஏற்பாடு செய்தோம். மதிப்பெண் சற்று ஏறியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

இன்னொரு தவற்றையும் நான் உணரவில்லை. அந்தப் பெட்டி எனக்கு மட்டும் உரியதன்று. நான் என்னைத் தண்டித்துக்கொள்ளப் போய், கட்டிலில் கிடந்த ஒரு மூதாட்டியின் ஒரே வேலையையும் பறித்துவிட்டேன். மாமி வாய் திறந்து கேட்கவில்லை. தஸ்பீஹ் ஓதி முடித்த பிறகும் அவர்களுடைய விரல்கள் போர்வையின் விளிம்பைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருக்கும். எட்டு மாதம் கழித்து, 2022 ஜூலையில் ஒரு மழை நாளில் சொன்னார்கள்: "ஊசி என்னம்மா பண்ணுச்சு? எண்ண வேண்டிய வேலையை ஆள் இருக்கும்போது எடுத்தே, அதுதான் தப்பு. எண்ணாம வர்ற வேலையும் இருக்குல்ல?"

மறுநாள் மதரஸாவிலிருந்து நான் திரும்பியபோது பெட்டி கீழே இருந்தது. இறக்கியவள் மகள். மாமியின் கட்டிலோரம் உட்கார்ந்து, நன்னி சொல்லச் சொல்ல முதல் வளையத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். "நன்னி கையைப் பார்க்க முடியலைம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. புது மாதிரி பழகுவது, எண்ணிப் போடுவது எல்லாம் தனியாக இருக்கும்போது மட்டும். ஆள் இருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டும் கைக்கு வரும் பழைய சதுரம். யாராவது "அம்மா" என்று தொடங்கினால், சுற்றின் நடுவில் இருந்தாலும் ஊசி கீழே இறங்க வேண்டும். பேச்சு தொடர்ந்தால் மெல்ல எடுத்துக்கொள்ளலாம். ஒரு வேடிக்கை என்னவென்றால், மூன்று பேருடைய கண்களும் நூலின் மேல் இருக்கும்போது பேச்சு தானாக வந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எல்லாம் நூலைப் பார்த்துச் சொன்னாள் அந்தப் பெண். தனக்குத் தமிழ் இலக்கியம் படிக்க ஆசை என்பதை அவள் முதன்முதலில் சொன்னது ஒரு பச்சை நிறச் சதுரத்திடம்தான். நான் ஊசியைக் கீழே வைத்தேன். "எனக்கும் உன் வயதில் அதே ஆசைதான், வரலாறுதான் கிடைத்தது" என்றேன். மூவரும் சிரித்தோம்.

2023 பிப்ரவரியில் மாமி காலமானார்கள். இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். கடைசி மாதங்களில் பார்வை மங்கியிருந்தது. அவர்களுடைய இறுதிச் சதுரங்களில் சில தளர்ந்து பெரியதாக இருந்தன. ஒன்றில் ஒரு மூலையே இல்லை. குரோஷாவில் ஒரு வசதி உண்டு. கடைசி வளையத்தைப் பிடித்து இழுத்தால் முழுவதும் பிரிந்து வந்துவிடும். நான் பிரித்துத் திருத்தப் போனேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூலையில்லாச் சதுரம் அப்படியே போர்வையில் இருக்கிறது. அதைத் தைத்துச் சேர்க்க மட்டும் எனக்கு ஒரு மாலைப் பொழுது பிடித்தது.

சேர்க்கும் வேலையைப் பற்றி, முயன்று பார்க்க நினைப்பவர்களுக்காகச் சில வார்த்தைகள். மாமி பின்னியது 58, நான் பின்னியது 97, மகள் பின்னியது 37. மூன்று கைகள் என்பதால் அளவு மூன்று விதம். என் சதுரங்கள் இறுக்கம். நான் களைத்த நேரத்தில் பின்னியவை இன்னும் இறுக்கம். மகளுடையது ஒன்று போல் ஒன்று இல்லை. சிறியதாக இருப்பதைச் சுற்றி ஒரு சுற்றுக் கூடுதலாகப் போட்டால் அளவுக்கு வந்துவிடும். சற்றே ஈரமாக்கி, பாயின் மேல் நான்கு மூலையிலும் குண்டூசி குத்திக் காயவிட்டாலும் வடிவம் சீராகும். மலிவாகக் கிடைக்கும் உல்லன் நூல் பெரும்பாலும் ஆக்ரிலிக், துவைக்க எளிது. அதைச் சூடாக இஸ்திரி போட்டுவிடாதீர்கள், தொய்ந்துவிடும். அசல் கம்பளியாக இருந்தால் வெந்நீரில் போடாதீர்கள், சுருங்கித் தடித்துவிடும். நூல் முனைகளை அவ்வப்போதே உள்ளே செருகி முடியுங்கள். 192 சதுரங்களின் முனைகளையும் கடைசிக்கு விட்டுவைத்து நான் பட்ட பாடு நீங்களும் பட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மாணவி ஒருத்தி தொழுகைத் தொப்பி பின்னிக் கொடுத்துச் சம்பாதிக்க விரும்பினாள். ஒரு வியாபாரி தொப்பிக்கு 40 ரூபாய் தருவதாகச் சொன்னாராம். எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதி வரச் சொன்னேன்; ஏழு மணி நேரம். மணிக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. ஆந்திரத்தில் மேற்குக் கோதாவரிக் கரையில் நரசாப்பூர் என்று ஓர் ஊர் உண்டு. தலைமுறைகளாகக் குரோஷா லேஸ் பின்னி வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஊர். அந்தப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் 1982இல் ஒரு நூல் எழுதினார். நாளெல்லாம் உழைத்தும், அது இல்லத்தரசிகளின் ஓய்வு நேர வேலை என்று கருதப்பட்டதால் கூலி மிக அற்பமாக இருந்ததை அதில் எடுத்துக்காட்டினார். அந்த லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊருக்குக் கிடைத்த பெருமை ஊசி பிடித்த கைக்கும் போய்ச் சேர வேண்டும். ஆகவே விற்பதற்காகப் பின்னும் சகோதரிகள் முதலில் தங்கள் மணிக்கணக்கை எழுதிவைத்துக்கொள்ளட்டும். பிறகு விலை பேசட்டும். அன்புக்காகப் பின்னுவது வேறு கணக்கு.

அந்த வேறு கணக்கில்தான் நான் தவறினேன். எண்பது மணி நேரம் என்பது ஆறு ஆண்டுகளில் ஒன்றுமே இல்லை. மகள் இழந்தது எண்பது மணியை அல்ல. மூன்று இரவுகளில் ஒரு பத்துப் பதினைந்து நிமிடத்தை. அந்த நிமிடங்களில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. அவளோடு இருந்திருக்க வேண்டும்.

2023 ஜூனில் அவள் கோவையில் ஒரு கல்லூரியில் தமிழ் இலக்கியம் சேர்ந்தாள். 2024 டிசம்பர் விடுமுறையில் வந்தபோது, கடைசி வரிசையை இருவரும் சேர்ந்து தைத்தோம். முடிந்ததும் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கோயமுத்தூர்ல இதைப் போர்த்தினா வெந்து போயிடுவேன்மா" என்றாள்! ஆறு ஆண்டு உழைப்பு. பெண்ணுக்குப் போர்த்திக்கொள்ளக் குளிர் இல்லை. அதனால் அது இப்போது மாமியின் கட்டிலில் கிடக்கிறது. இளைய மகன் அதன் கீழ் உறங்குகிறான். அவள் விடுமுறைக்கு வரும்போது இருவருக்கும் அதற்காக அடிதடி நடக்கும். கல்யாணச் சீரில் அது அவளுக்குத்தான் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். தம்பிக்கு வேறொன்று பின்னத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை ஒன்பது சதுரம்.

வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் மகள் கைப்பேசியில் அழைப்பாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அம்மா, கையில என்ன?" "ஒன்றுமில்லை, சொல்" என்பேன். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும்.

ஊசி பிடிக்கவும், ஊசியைக் கீழே வைக்கவும் எனக்குக் கற்றுத் தந்த மாமியின் மண்ணறையை வல்ல அல்லாஹ் விசாலமாக்குவானாக. நம் வீடுகளில் பேச வரும் பிள்ளைகளின் குரலைக் கேட்கும் செவிகளை நமக்கு அருள்வானாக. ஆமீன்.